13 வயதில் கார்ட் ஓட்டும் பையன் ஃபார்முலா இ வரை போக முடியுமா?

கேள்வி இதுதான்: “என் அக்கா மகனுக்கு 13 வயது. சென்னையில் இரண்டு வருடமாக கோ-கார்ட் ஓட்டுகிறான், நன்றாகவே ஓட்டுகிறான். ஃபார்முலா இ டிரைவர் ஆவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். எலெக்ட்ரிக் ரேஸ் என்றால் செலவு குறைவாக இருக்குமா? இப்போதே பெட்ரோல் கார்ட்டை விட்டுவிட்டு எலெக்ட்ரிக் பக்கம் திருப்பலாமா? படிப்பை என்ன செய்வது? அக்காவும் மாமாவும் என்னைக் கேட்கிறார்கள்.”

காது குத்தும்போது மடி கொடுத்தவரிடம்தான் இந்தக் கேள்வியும் வந்து விழும். தாய்மாமன் தப்பிக்க முடியாது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. இருங்காட்டுக்கோட்டை ட்ராக் வந்தது 1990-ல். அதற்கு முன் சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில்தான் ரேஸ். சோழவரத்தில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவன் நான். இருங்காட்டுக்கோட்டையில் மார்ஷலாகக் கொடி பிடித்தேன். பிறகு ஃபார்முலா எல்ஜிபி (நம் நாட்டின் ஆரம்பநிலை ஒற்றை இருக்கை ரேஸ் கார்) ஓட்டிய சிறிய அணிகளுக்கு டேட்டா பார்த்தேன். இப்போது ஒரு பொறியியல் கல்லூரியின் எலெக்ட்ரிக் கார் அணிப் பிள்ளைகளுடன் வாரக் கடைசியில் மல்லுக்கட்டுகிறேன். டிரைவராக எதையும் ஜெயித்தவன் இல்லை. ஜெயித்தவர்களையும் தோற்றவர்களையும் பக்கத்தில் நின்று பார்த்தவன், அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அதில்தான் தொங்குகிறது. பெட்ரோல் கார்ட்டை விடவே கூடாது. எலெக்ட்ரிக் ரேஸுக்கென்று கீழிருந்து மேலே போகும் தனி ஏணி இன்றைக்கு இல்லை. எலெக்ட்ரிக் ஒற்றை இருக்கை கார்களின் உலகப் போட்டியான ஃபார்முலா இ ஒன்றுதான் 2014-லிருந்து விடாமல் நடந்துகொண்டிருக்கிறது. சுற்றியிருந்தவை ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. ஜாகுவார் ஐ-பேஸ் கார்களை வைத்து நடத்திய போட்டி 2020-ல் முடிந்தது. எலெக்ட்ரிக் டூரிங் கார் போட்டி 2022-க்குப் பிறகு இல்லை. பாலைவனத்திலும் பனியிலும் ஓட்டிய எக்ஸ்ட்ரீம் இ, ஹைட்ரஜன் பக்கம் போய்விட்டது. பைக்கில் மோட்டோ இ, 2025 சீசனோடு நிறுத்தி வைக்கப்பட்டது. ஆக மேல் மாடி இருக்கிறது, அதற்குப் போகும் படிக்கட்டு பெட்ரோல் கட்டிடத்தில் இருக்கிறது. ஃபார்முலா இ-யில் சாம்பியன் ஆனவர்களைப் பாருங்கள். வாண்டோர்ன் 2015-ல் ஜிபி2 (ஃபார்முலா 2-வின் பழைய பெயர்) சாம்பியன். டி வ்ரீஸ் 2019-ல் ஃபார்முலா 2 சாம்பியன். ரோலண்ட் 2015-ல் ஃபார்முலா ரெனோ 3.5 சாம்பியன். எல்லோரும் புகை குடித்து வளர்ந்தவர்கள்.

எனவே உங்கள் மருமகனுக்கு வழி கார்ட், அப்புறம் ஃபார்முலா 4, அப்புறம் வெளிநாட்டில் ஃபார்முலா ரீஜினல், ஃபார்முலா 3, முடிந்தால் ஃபார்முலா 2. இதில் எங்கேயோ ஓரிடத்தில் ஒரு எலெக்ட்ரிக் அணி கண்ணில் பட வேண்டும். ஃபார்முலா இ-யில் மொத்தம் இருபது சீட். உலகம் முழுவதற்கும் இருபது.

இந்தியாவிலிருந்து இதுவரை அந்தச் சீட்டில் உட்கார்ந்து சீசன் ஓட்டியவர்கள் இரண்டே பேர். முதலாமவர் நம்ம ஊர்க்காரர், கருண் சந்தோக். அவருடைய தாத்தா இந்து சந்தோக் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பை ஆரம்பித்தவர்களில் ஒருவர். அதனால் சோழவரமும் இருங்காட்டுக்கோட்டையும் அவருக்கு வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி. 2014 செப்டம்பர் 13, பெய்ஜிங்கில் நடந்த முதல் ஃபார்முலா இ ரேஸில் மகிந்திரா காரை ஐந்தாவதாகக் கொண்டுவந்தார். அந்த நாளில் ஒரு பேட்டரியால் முழு ரேஸ் ஓட முடியாது. பாதியில் பிட்டுக்குள் (ட்ராக் ஓரம் அணிகள் நிற்கும் இடம்) வந்து, பெல்ட்டைக் கழற்றி, இறங்கி ஓடி, பக்கத்தில் நிற்கும் இன்னொரு காரில் ஏறி உட்கார்ந்து மீதியை ஓட்ட வேண்டும். கிண்டலடித்தவர்கள் அப்போது நிறையப் பேர், நானும் அதில் சேர்த்தி.

இரண்டாமவர் மும்பையின் ஜெஹான் தாருவாலா. 2011-ல் ஃபோர்ஸ் இந்தியா நடத்திய திறமைத் தேடலில் தேர்வாகி வந்தவர், ஃபார்முலா 2-வில் ரேஸ் ஜெயித்தவர். 2023-24 சீசனில் மசராட்டிக்கு ஓட்டினார், அடுத்த சீசனில் அந்தச் சீட் வேறொருவருக்குப் போனது. ஒரு வருடம்தான். மூன்றாவதாக வாசலில் நிற்பவர் பெங்களூருவின் குஷ் மைனி. மகிந்திராவுக்கு ரிசர்வ் டிரைவராக, அதாவது மாற்று ஆளாக இருந்தார், 2025-ல் மொனாக்கோவில் ஃபார்முலா 2 ஸ்பிரின்ட் ரேஸை ஜெயித்தார். அவருடைய சித்தப்பா சேத்தன் மைனிதான் ரேவா எலெக்ட்ரிக் காரைக் கொண்டுவந்தவர். அந்தச் சின்னக் காரை நினைவிருக்கிறதா? அந்தக் குடும்பத்துப் பையனுக்கே ரேஸ் சீட் இன்னும் எட்டவில்லை. மகிந்திரா இந்திய அணி, ஜாகுவாரின் முதலாளி டாடா. ஆனாலும் மகிந்திரா அணியின் பட்டறை இருப்பது இங்கிலாந்தின் பான்பரியில், டிரைவரை எடுப்பது வேகத்தைப் பார்த்து. “நம்ம கம்பெனிதானே, நம்ம பையனை எடுக்க மாட்டார்களா” என்று உங்கள் மாமா கேட்டால் இதைச் சொல்லிவிடுங்கள்.

சரி, இளம் வயதில் உள்ளே போனவர் யாராவது உண்டா? உண்டு, டெய்லர் பார்னார்ட். உங்கள் மருமகன் அவர் கதையைத்தான் படிக்க வேண்டும். இங்கிலாந்துப் பையன், கார்ட்டில் நிக்கோ ராஸ்பெர்க்கின் அகாடமியில் இருந்தவர். மெக்லாரன் ஃபார்முலா இ அணியில் ரிசர்வ். 2024 ஏப்ரலில் மொனாக்கோவில் சாம் பேர்டுக்குப் பயிற்சியின்போது கையில் அடிபட்டது. பார்னார்டுக்கு அப்போது 19 வயது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார், ஃபார்முலா இ ரேஸில் கலந்துகொண்ட ஆகச் சிறியவர் என்ற பெயர் கிடைத்தது. அடுத்து பெர்லினில் புள்ளி எடுத்தார். அந்த வருடக் கடைசியில் முழுநேரச் சீட், முதல் ரேஸே சாவ் பாலோவில் மூன்றாவது இடம். இவ்வளவும் எட்டே மாதத்தில். சிமுலேட்டரில் மணிக்கணக்காக உட்கார்ந்து வேலை பார்த்தபடி, யாருக்காவது ஏதாவது ஆகுமா என்று தெரியாமலே தயாராக இருந்தார் பாருங்கள், அதுதான் இந்தத் தொழிலில் முக்கால்வாசி. பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 2024-25 சீசன் முடிந்ததும் மெக்லாரன் அணியே ஃபார்முலா இ-யை விட்டுப் போய்விட்டது. பையன் நன்றாக ஓட்டியிருந்ததால் டிஎஸ் பென்ஸ்கி அணியில் இடம் கிடைத்தது. அணி மூடப்படுவதும் டிரைவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போவதும் இங்கே சாதாரணம். ரோலண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 சீசன் நடுவில் மகிந்திராவிலிருந்து வெளியே வந்தவர், 2025-ல் நிஸ்ஸானில் சாம்பியன்.

இனி பணம். எலெக்ட்ரிக் என்றால் மலிவு என்ற எண்ணத்தை முதலில் கழற்றி வைத்துவிடலாம். கரண்ட் செலவு ஒரு செலவே இல்லை, பெட்ரோல் செலவும்தான். டயர், சேஸிஸ், என்ஜின் ரீபில்ட், மெக்கானிக் சம்பளம், போக்குவரத்து, பயிற்சி நாளுக்கு ட்ராக் கட்டணம், இடித்துக்கொண்டால் ரிப்பேர்: காசு இப்படித்தான் கரையும். இந்தியாவில் கார்ட் தேசியப் போட்டியை ஒழுங்காக ஒரு வருடம் ஓட்டினாலே பல லட்சம். ஐரோப்பாவில் ஃபார்முலா 4 கோடிகளில். ஃபார்முலா 2 ஒரு சீசனுக்கு இருபது கோடிக்கு மேல் என்பதுதான் பேச்சு. வேடிக்கை என்னவென்றால், மேல் மாடியான ஃபார்முலா இ-யில் பெரும்பாலும் டிரைவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அங்கே போய்ச் சேரும் வரை டிரைவர்தான் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அம்பத்தூர் பக்கம் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். பையன் ஃபார்முலா எல்ஜிபியில் முன்வரிசையில் நிற்கும் அளவுக்கு வந்துவிட்டான். ஒரு நிறுவனம் “அடுத்த சீசன் முழுக்க எங்கள் செலவு” என்று வாயால் சொன்னது. அதை நம்பி இவர் இரண்டு மெஷினை விற்று வெளிநாட்டு டெஸ்டுக்கு முன்பணம் கட்டினார். நிறுவனத்தில் மேனேஜர் மாறினார், புது மேனேஜருக்கு கிரிக்கெட் பிடிக்கும். கதை முடிந்தது. பையன் இப்போது ஒரு கார் கம்பெனியில் டெஸ்ட் டிரைவர், நல்ல சம்பளம், சந்தோஷமாகத்தான் இருக்கிறான். அப்பாதான் இன்னும் அந்த இரண்டு மெஷின் இருந்த இடத்தைக் காலியாகவே வைத்திருக்கிறார். அதனால் அக்காவிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: ஸ்பான்சர் பேச்சு எழுத்தில் வந்து, முதல் தவணை வங்கிக் கணக்கில் ஏறும் வரை அது பேச்சுதான். வீட்டுப் பத்திரம் பீரோவை விட்டு வெளியே வரக் கூடாது.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் அஜித் அணி அதன் பிரிவில் மூன்றாவது வந்த பிறகு என் போன் ஓயவில்லை. “சார், என் பையனையும் சேர்க்கணும்.” ஆசை நல்லதுதான். ஆனால் அவர் தன் காசில், தன் வயதில், தன் விருப்பத்துக்கு ஓட்டுகிறார். 13 வயதுப் பையனின் கணக்கு வேறு.

சென்னையில் இருப்பது உங்களுக்குச் சாதகம், அதையும் சொல்லிவிடுகிறேன். இருங்காட்டுக்கோட்டையில் பெரிய ட்ராக்கும் உண்டு, பக்கத்திலேயே சர்வதேசத் தரத்தில் கார்ட் ட்ராக்கும் வந்துவிட்டது. பூந்தமல்லி தாண்டினால் முக்கால் மணி நேரம். தில்லியிலிருந்தும் புனேயிலிருந்தும் பையன்கள் விமானம் ஏறி வந்து ஓட்டும் இடம் இது. லைசென்ஸ் கொடுக்கும் எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்களின் கூட்டமைப்பு) அலுவலகமும் இந்த ஊர்தான். கோயம்புத்தூரில் கரி ஸ்பீட்வே ரேஸ் ட்ராக் ஒரு ராத்திரி பஸ் தூரம். ஃபார்முலா 4-க்குக் குறைந்தபட்ச வயது 15. அந்த இந்தியப் போட்டிதான் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1-ல் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் நடந்தது. முந்தைய டிசம்பரில் நடக்க வேண்டியதை மிக்ஜாம் புயல் தள்ளிவிட்டது. நேப்பியர் பாலத்தில் விளக்கு வெளிச்சத்தில் ரேஸ் கார் போனதை உங்கள் மருமகன் பார்த்திருந்தால், ஒற்றைக்காலில் நிற்பதற்குக் காரணம் எனக்குப் புரிகிறது.

லைசென்ஸ் விஷயத்தில் ஒரு கணக்கு தெரிந்திருக்கட்டும். ஃபார்முலா 1-க்கு சூப்பர் லைசென்ஸ் வேண்டும், அதற்கு மூன்று வருடத்தில் 40 புள்ளி சேர்க்க வேண்டும். ஃபார்முலா இ-க்கு இ-லைசென்ஸ், அதற்கு 20 புள்ளி. ஒரு ஃபார்முலா 4 போட்டியில் சாம்பியன் ஆனால் 12 புள்ளி. ஆக வாசல் ஃபார்முலா 1 அளவுக்கு உயரமில்லை, ஆனால் குனிந்து நுழைந்துவிடவும் முடியாது.

இனி எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். எலெக்ட்ரிக் ரேஸில் டிரைவரின் வேலை என்ன?

2023 பிப்ரவரி 11-ல் ஹைதராபாத்தில் ஃபார்முலா இ நடந்தது. இந்தியாவில் நடந்த ஒரே ஒரு ஃபார்முலா இ ரேஸ், அடுத்த வருடம் ரத்து. சார்மினார் எக்ஸ்பிரஸ் பிடித்துப் போய்விட்டேன். ஹுசேன் சாகர் கரையில் வேலி ஓரம் நின்றபோது, முப்பது வருடமாக என்ஜின் சத்தத்தில் கேட்காத ஒன்று கேட்டது. கார் வரும்போது விசில் மாதிரி ஒரு கீச்சு. டயர் தார் ரோட்டைத் தேய்க்கும் சத்தம் தனியாகக் கேட்கிறது. நேர்ச்சாலையின் முடிவில், பிரேக் பிடிக்கும் இடத்துக்கு நன்றாக முன்பே, அந்தக் கீச்சு சட்டென்று இறங்குகிறது. காலை எடுத்துவிட்டார்கள்! ஒருவர் இங்கே எடுக்கிறார், அடுத்தவர் பத்து மீட்டர் தள்ளி எடுக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யார் மிச்சம் பிடிக்கிறார், யார் செலவழிக்கிறார் என்று தெரிந்துவிடும் போலிருந்தது. அன்று வெர்ன் ஜெயித்தார். பின்னால் காசிடி முட்டுகிற தூரத்தில், வெர்ன் பேட்டரியில் மிச்சம் அவரைவிடக் குறைவு, ஆனாலும் விடவில்லை. (டாடாவின் ஜாகுவார் கார்கள் இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வெளியே போனது அன்றைய தனிச் சோகம்.)

ஏன் காலை எடுக்கிறார்கள்? கத்திப்பாரா மேம்பாலத்தில் இறங்கும்போது சில ஆட்டோக்காரர்கள் என்ஜினை அணைத்துவிட்டு உருட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். செய்யக் கூடாத வேலை, ஆனால் கணக்கு சரி. நேர்ச்சாலையின் கடைசி ஐம்பது மீட்டரில் நீங்கள் மிதிக்கும் சக்தி எல்லாம் காற்றைத் தள்ளுவதற்கும், அடுத்த நொடி பிரேக்கில் சூடாகிப் போவதற்கும்தான். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு. அந்த இடத்தில் காலை எடுத்தால் இழக்கும் நேரம் கொஞ்சம், மிஞ்சும் சக்தி நிறைய. எங்கே எடுப்பது, எவ்வளவு நேரம் உருட்டுவது, எந்த வளைவுக்கு முன் எடுத்தால் பின்னால் வருபவன் உள்ளே மூக்கை நுழைப்பான்: இதுதான் விளையாட்டு.

எண்களைப் பார்த்தால் இன்னும் புரியும். ஃபார்முலா இ-யின் மூன்றாம் தலைமுறையான ஜென் 3 காரின் பேட்டரியில் ரேஸுக்குப் பயன்படுத்தக்கூடிய சக்தி 38.5 கிலோவாட் மணி, நம் வீட்டு மீட்டர் பாஷையில் 38.5 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் இல்லையா, அதில் பாதிகூட இல்லை. அதை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேர ரேஸ். ரேஸில் செலவாகும் சக்தியில் ஏறக்குறைய 40 சதவிகிதம், பிரேக் பிடிக்கும்போது மோட்டார் திருப்பிக் கொடுப்பது. 600 கிலோவாட் வரை திருப்பி எடுக்கும் கார் அது. ஓட்டும்போது கொடுப்பது 350-தான். ஆக பிரேக் பெடல் அங்கே ஒரு சம்பாத்தியம். 2025-லிருந்து சில ரேஸ்களில் பிட்டில் 30 விநாடி நிறுத்தி கிட்டத்தட்ட 4 யூனிட் ஏற்றிக்கொள்ளவும் விடுகிறார்கள். 2026-27-ல் வரும் ஜென் 4 கார் 600 கிலோவாட் வரை கொடுக்கும். உங்கள் மருமகன் எட்டும் வயதில் அதற்கும் அடுத்தது வந்திருக்கும்.

இதில் ஒரு விசேஷம்: கார் ஓடும்போது அதன் டேட்டா அணிக்கு நேரடியாக வராது. டிரைவர் ஸ்டியரிங்கில் தெரியும் எண்ணைப் பார்த்து ரேடியோவில் சொல்ல வேண்டும். சுவர் ஒரு ஜாண் தூரத்தில், இரு பக்கமும் கார், கை ஸ்டியரிங்கில், வாய் சதவிகிதம் சொல்கிறது, காது அடுத்த இலக்கைக் கேட்கிறது. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொடுப்பதால் பின்னால் வருபவருக்குச் செலவு குறைவு. அதனால் யாரும் முதலில் போக விரும்பாத நேரமும் உண்டு, சைக்கிள் ரேஸ் மாதிரி. 2023-ல் போர்ட்லாந்தில் ஒரே ரேஸில் 400 தடவைக்கு மேல் ஒருவரை ஒருவர் முந்தியதாகக் கணக்கு வந்தது அப்படித்தான்.

கணக்கு தப்பினால் என்ன ஆகும்? 2021 ஏப்ரல் 24, வலென்சியா. மழை, திரும்பத் திரும்ப சேஃப்டி கார் (விபத்து நடந்தால் எல்லாரையும் தன் பின்னால் மெதுவாக ஓட்டவைக்கும் கார்). சேஃப்டி கார் வரும்போதெல்லாம் விதிப்படி எல்லாருடைய சக்தி ஒதுக்கீட்டையும் குறைத்தார்கள். முன்னால் போன டா கோஸ்டா கோட்டைத் தாண்டியபோது கடிகாரத்தில் சில விநாடி மிச்சம். அந்தச் சில விநாடியால் ஒரு சுற்று கூடிவிட்டது. அந்தக் கூடுதல் சுற்றுக்குப் பெரும்பாலோரிடம் சக்தி இல்லை. கார்கள் மாட்டு வண்டி மாதிரி நகர்ந்தன, முன்னணியில் இருந்தவர்கள் சரிந்தார்கள், டி வ்ரீஸ் மிச்சம் வைத்திருந்து ஜெயித்தார். அந்த வருடம் சாம்பியனும் அவரே.

இந்தத் திறமையை 13 வயதில் கற்றுக்கொடுக்க முடியுமா என்று ஒருமுறை சோதித்துப் பார்த்தேன். இரண்டு பையன்கள், ஒரே வயது, ஏறக்குறைய ஒரே எடை. வாடகைக்கு விடும் ஃபோர் ஸ்ட்ரோக் கார்ட் ஒன்று. டேங்கை விளிம்பு வரை நிரப்பி பத்துச் சுற்று ஓட்டச் சொன்னேன். திரும்பி வந்ததும் மறுபடி விளிம்பு வரை நிரப்ப எத்தனை மில்லி பிடிக்கிறது என்று கெமிஸ்ட்ரி லேப் அளவு ஜாடியால் அளந்தேன். முதல் பையன் 480 மில்லி. இரண்டாமவன் 470. அப்புறம் சொன்னேன்: “சுற்றுக்குக் கால் விநாடிக்கு மேல் விடக் கூடாது, ஆனால் பெட்ரோலைக் குறை. எப்படி என்று நான் சொல்ல மாட்டேன்.” முதல் பையன் எல்லா இடத்திலும் அரை ஆக்சிலரேட்டரில் ஓட்டினான். பெட்ரோல் குறைந்தது, நேரம் ஒரு விநாடி போனது, முகம் தொங்கிப்போனது. இரண்டாமவன் மூன்று சுற்று தடுமாறினான். நான்காவது சுற்றில் நீளமான நேர்ச்சாலைக் கடைசியில் ஒரு டயர் குவியல் அருகே காலை எடுக்க ஆரம்பித்தான். ஐந்தாவதில் இன்னும் கொஞ்சம் முன்னால். குறுகிய வளைவுகளில் கையே வைக்கவில்லை, அங்கே மிச்சம் பிடித்து லாபமில்லை என்று அவனே கண்டுபிடித்துவிட்டான். 410 மில்லி, சுற்றுக்கு விநாடியில் பத்தில் இரண்டு பங்குதான் போனது. ஏன் அந்த டயர் குவியல் என்று கேட்டேன். “அண்ணா, அதுக்கப்புறம் மிதிச்சா பிரேக்குக்குத்தானே போகுது” என்றான். அவனை யாராவது ஒரு எலெக்ட்ரிக் கார்ட்டில் உட்கார வைத்தால் நன்றாயிருக்கும் என்று அன்று தோன்றியது.

எச்சரிக்கை: இதைப் போட்டிக்கு ஓட்டும் டூ ஸ்ட்ரோக் கார்ட்டில் செய்யாதீர்கள். டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் வருகிறது. முழு வேகத்தில் சுழலும்போது காலை எடுத்து நீளமாக உருட்டினால் ஆயில் போகாமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ரீபில்ட் பில்லை எனக்கு அனுப்பக் கூடாது.

எலெக்ட்ரிக் பக்கம் இன்னொரு பாடமும் உண்டு, அது பயம். இ-லைசென்ஸுக்கு மின்சாரப் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம். காரில் ஒரு விளக்கு இருக்கும், பச்சை என்றால் தொடலாம். சிவப்பு எரிந்தால் டிரைவர் காரின் மேல் ஏறி நின்று இரண்டு காலையும் சேர்த்து வெளியே குதிக்க வேண்டும். ஒரு கை காரிலும் ஒரு கால் தரையிலும் ஒரே நேரத்தில் இருக்கக் கூடாது. எங்கள் கல்லூரிப் பிள்ளைகளுக்கு முதல் மாதம் வேறு வேலையே கிடையாது, ரப்பர் கையுறை போடு, கழற்று, குதி. சிரிப்பார்கள். 600 வோல்ட் வரை போகலாம் என்று விதி இருக்கிற கார் அது என்று சொன்னதும் சிரிப்பு நின்றுவிடும்.

படிப்புக்கு இங்கேதான் வழி திறக்கிறது. கோயம்புத்தூரில் கரி ஸ்பீட்வேயில் ஃபார்முலா பாரத் நடக்கிறது, கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டிய ஃபார்முலா காரோடு வருவார்கள், எலெக்ட்ரிக் பிரிவு உண்டு. காரின் மேல் இரண்டு நிமிடம் தண்ணீர் பீய்ச்சி, மின்கசிவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அங்கே அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஐஐடி மெட்ராஸின் ரஃப்தார் அணி 2022-ல் முதல் எலெக்ட்ரிக் ரேஸ் காரைக் காட்டியது. ஓட்டத் தெரிந்து, பேட்டரியும் புரிந்த பையனுக்கு அந்த அணிகளில் மரியாதையே தனி. மகிந்திராவின் எலெக்ட்ரிக் கார்கள் உருவான ரிசர்ச் வேலி நம் செங்கல்பட்டுப் பக்கம்தான். ஓசூரில் டிவிஎஸ் இருக்கிறது. அவர்கள் எலெக்ட்ரிக் அப்பாச்சியை வைத்து தனிப் போட்டியே இருங்காட்டுக்கோட்டையில் ஓட்டினார்கள். டிரைவராக இருபது சீட், இன்ஜினியராக எத்தனையோ சீட். அதனால் கணக்கும் இயற்பியலும் ரேஸுக்கு எதிரி என்று பையன் நினைக்க வேண்டாம். ரேஸ் இன்ஜினியர் சொல்வது புரிகிற டிரைவரைத்தான் ரிசர்வ் வேலைக்கு, சிமுலேட்டர் வேலைக்கு எடுப்பார்கள். ரிசர்விலிருந்துதான் பார்னார்ட் போனார். பள்ளியை நிறுத்தி முழுநேரமாக ஓட்டவைக்கிறேன் என்று யாராவது அகாடமிக்காரர் சொன்னால் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

உங்கள் அக்கா, மாமா இடத்தில் நான் இருந்தால் இப்படித்தான் யோசிப்பேன். 15 வயது வரை கார்ட், இந்தியாவுக்குள்ளேயே, கடன் இல்லாமல். அதற்குள் தேசியப் போட்டியில் முதல் மூன்றுக்குள் திரும்பத் திரும்ப வருகிறானா என்று பார்ப்பேன். ஒருமுறை வந்தால் போதாது. வந்தால் இந்திய ஃபார்முலா 4 ஒரு வருடம். வெளிநாட்டுக்குப் பத்திரம் அடகு வைக்கிற பேச்சு வந்தால் அன்றைக்கே நிறுத்துவேன். அப்படி நின்றாலும் 16 வயதில் அவன் கையில் ஒரு தொழிலின் பாதி இருக்கும். சிமுலேட்டர் வீட்டில் ஒன்று வாங்கிக் கொடுக்கலாம். ஆனால் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன் ஸ்டியரிங்கைக் கழற்றி அலமாரியில் பூட்டிவிடுங்கள், இது என் வீட்டு அனுபவம்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் இருங்காட்டுக்கோட்டை கார்ட் ட்ராக்கில்தான் இருப்பேன், மருமகனைக் கூட்டி வாருங்கள். அதற்கு முன் அவன் வாடகை கார்ட் ஓட்டும்போது, ட்ராக்காரர்களிடம் சொல்லிவிட்டு, 500 மில்லி அளவு ஜாடி ஒன்றால் முதல் பத்துச் சுற்றையும் அடுத்த பத்துச் சுற்றையும் அளந்து பாருங்கள். எப்படி மிச்சம் பிடிப்பது என்று அவனிடம் சொல்லாதீர்கள், நீங்கள் படித்ததாகக் காட்டிக்கொள்ளவும் வேண்டாம். இரண்டு எண்ணையும் சுற்று நேரத்தையும் எழுதி எடுத்து வாருங்கள், அதை வைத்துப் பேசலாம்.